நம்பர் நல்லா இருந்துச்சு

என் இடது கையின் பின்பக்கம், தோளுக்குக் கொஞ்சம் கீழே, வெள்ளையாக ஒரு வில்லை ஒட்டியிருக்கும். அதன் அடியில் மயிர் மாதிரி ஒரு கம்பி தோலுக்குள் போயிருக்கும். அது நாள் முழுக்க என் சர்க்கரையை அளந்து என் செல்போனுக்குச் சொல்லும். என் செல்போன் அதைப் பெங்களூரில் இருக்கும் என் மனைவிக்கும் பையனுக்கும் சொல்லும். டீக்கடையில் ஒருவர் என் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாட்டுக்குக் காதுல வில்லை போடறாப்பல உங்களுக்கும் போட்டுட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்லப் போனால் டீ ஆறிவிடும், அதுவும் சர்க்கரை இல்லாத டீ. ஆறினால் வாயில் வைக்க முடியாது.

எங்கள் ஊர் ஜேடர்பாளையத்துக்குப் பக்கம். ராஜவாய்க்கால் தண்ணீர் பாயும் ஊர், அதனால் வாழையும் கரும்பும் வெற்றிலையும்தான் எங்கே திரும்பினாலும். வெல்லம் காய்ச்சும் ஆலைகள் ஊரைச் சுற்றி இருக்கின்றன. பாகு கொதிக்கிற வாசனை காற்றோடு வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். சர்க்கரை வியாதிக்காரன் குடியிருக்க இதைவிட மோசமான இடம் தமிழ்நாட்டில் இருக்காது. ஆனாலும் பிறந்த இடம், போட்டுவிட்டுப் போக முடியாது.

நான் ரிக் வண்டி வைத்திருந்தவன். திருச்செங்கோட்டுக்காரர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து, போர் போடுகிற லாரியோடு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று இருபது வருஷத்துக்கு மேல் அலைந்தேன். பாறையை ஆயிரம் அடிக்குத் துளைத்துத் தண்ணீர் பார்த்தவன். ஆனால் என் வயிற்றில் அரிசி நீளத்துக்கு ஓர் ஊசியைக் குத்தச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வேன். மாத்திரை போதாது, இன்சுலின் போட்டாக வேண்டும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து என் மனைவிதான் போட்டுவிட்டாள். காலையில் சட்டையைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலில் போய் நிற்பேன். ஒரு கையில் கரண்டியை வைத்துக்கொண்டே இன்னொரு கையால் குத்திவிடுவாள். வலித்ததா என்று கேட்க மாட்டாள், நானும் சொன்னதில்லை.

பேத்தி பிறந்து, மருமகளுக்கு லீவு முடிகிற சமயம் வந்தது. மருமகளின் அம்மா முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் மனைவிதான் போக வேண்டும் என்று ஆகிவிட்டது. நானும் வருகிறேன் என்றால் வாழைக்கு யார் தண்ணீர் கட்டுவது? தவிர, அந்த ஊர் அடுக்குமாடி வீட்டில் இரண்டு நாள் இருந்தாலே எனக்கு மூச்சு முட்டும்.

"உங்கள இப்படி உட்டுட்டு நான் போவனுங்களா?" என்று அவள் ஒரு வாரம் பிடிவாதமாக இருந்தாள். அப்போதுதான் பையன் இந்த வில்லையை வாங்கிக்கொண்டு வந்தான். "அம்மா, நீங்க பெங்களூர்ல இருந்தே அப்பாவோட சுகரைப் பாத்துக்கலாம். ஏறினாலும் எறங்கினாலும் உங்க போனே கத்தும்" என்றான். செல்போனில் ஒரு நம்பர், பக்கத்தில் ஓர் அம்பு. அம்பு மேலே பார்த்தால் ஏறுகிறது, கீழே பார்த்தால் இறங்குகிறது, படுத்திருந்தால் நிம்மதி. கீழே ஒரு கோடு ஓடிக்கொண்டே இருக்கும். என் மனைவி அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தாள். முதல் நாள் நான் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்து, "பாத்துக் குத்துங்க, தொப்புள்ள குத்திராதீங்க" என்று சிரித்தாள். மறுவாரம் பையனோடு காரில் ஏறிப் போய்விட்டாள்.

முதல் மாதம் நன்றாகவே போனது என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் கூப்பிடுவாள். "ஊசி போட்டாச்சுங்களா? என்ன சாப்புட்டீங்க? எத்தன இட்லி?" மத்தியானம் கூப்பிடுவாள். சாயங்காலம் கூப்பிடுவாள். மெஸ்ஸில் பார்சல் வாங்கிச் சாப்பிடுகிறவனிடம் மூன்று வேளையும் விசாரணை. எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. "அதான் உன்ற போன்லயே வருதே, அப்பறம் என்னத்தக் கேக்கறே?" என்று ஒரு நாள் வள்ளென்று விழுந்தேன்.

அந்த வாக்கியத்தை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. முதலில் மத்தியானப் போன் நின்றது. பிறகு காலைப் போன் நின்றது. சாயங்காலப் போன் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகி, அதுவும் தேய்ந்தது. நான்கைந்து நாள் கழித்துக் கூப்பிட்டவளிடம், "என்ன, ஆளையே காணோம்?" என்று கேட்டேன்.

"நம்பர் நல்லா இருந்துச்சுங்க. அதான் கூப்புடல" என்றாள்.

அவள் மேல் தப்பே இல்லை. நம்பர் நன்றாகத்தான் இருந்தது. நான் என் காரியங்களில் அவ்வளவு சுத்தம். சாப்பிடுவதற்குக் கால் மணி முன்னால் ஊசி, அளவான இட்லி, வாய்க்கால் மேட்டில் நடை, படுக்கப் போகும்போது இன்னொரு ஊசி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகும்போது டாக்டர் என் கோட்டைப் பார்த்துவிட்டு, இப்படி எல்லோரும் இருந்தால் நான் கடையை மூட வேண்டியதுதான் என்றார். அந்தப் பாராட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

தனியாக இருப்பது எனக்குப் புதிது இல்லை. ரிக் வண்டியில் ஆள் இல்லாத பொட்டல்காட்டில் மாசக்கணக்கில் கிடந்திருக்கிறேன். ஆனால் அங்கே கம்ப்ரசர் சத்தம் இருக்கும், வண்டிப் பையன்கள் இருப்பார்கள், திட்டுவதற்காவது ஆள் இருக்கும். இங்கே சத்தமே இல்லை. பார்சலைப் பிரிக்கிற சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. டிவி போட்டால் அதில் எல்லோரும் சண்டை போட்டார்கள். அதையும் நிறுத்திவிட்டேன். என் உடம்புக்குள் ஓடுகிற சர்க்கரை வரைக்கும் பெங்களூருக்குத் தெரிகிறது, எனக்கு என்ன தெரிகிறது என்று கோபம் வந்தது. கோபம் என்று சொல்லிக்கொண்டேன். அது அழுகைக்குப் பக்கத்து வீடு.

ஒரு நாள் பரமத்தியில் ஒரு பேக்கரியில் நின்றிருந்தபோது தேங்காய் பன் ஒன்று என்னைப் பார்த்தது. வாங்கித் தின்றேன். வீடு வந்து சேர்வதற்குள் போன் அடித்தது.

"என்னத்தத் தின்னீங்க? அம்பு நட்டமா நிக்குது!"

அவள் திட்டத் திட்ட எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. பேத்திக்குப் பல் முளைத்திருப்பதையும் அந்தத் திட்டோடுதான் சொன்னாள். போனை வைத்த பிறகு யோசித்தேன். வழி கிடைத்துவிட்டது. ஒரு பன், ஒரு போன். வெல்லத்துக்கோ ஊரில் பஞ்சமே இல்லை. ஆனால் பன்னைத் தின்று பொண்டாட்டியைப் பேச வைக்கிற நிலைமைக்கு நான் போக மாட்டேன் என்று வைராக்கியம் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து இன்னும் சுத்தமாக இருந்தேன். நம்பர் இன்னும் நன்றாக ஆனது. போன் இன்னும் குறைந்தது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் காலை வந்தது. வயிற்றில் ஊசியைப் போட்டுவிட்டு, மெஸ் பார்சலைப் பிரித்து, இட்லியின் மேல் சட்னியை ஊற்றினேன். முதல் வாயைக்கூட எடுக்கவில்லை. போன் வந்தது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், போய்விட்டார்.

அண்ணன் அடுத்த தெருவில், வீட்டுக்குப் பின்னாலேயே வெல்ல ஆலை வைத்திருந்தார். முந்தின நாள் ராத்திரி வரைக்கும் பாகு இறக்கியிருக்கிறார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடிந்துவிட்டது.

எங்கள் வகையறாவில் ஒரு கட்டு உண்டு. பங்காளி வீட்டு எழவுச் சேதி காதில் விழுந்தால் அந்த நிமிஷமே இலையை விட்டு எழுந்துவிட வேண்டும். பிணத்தை எடுத்து முடித்து, தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொள்ளும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஆண் பெண் எல்லோருக்கும் இதுதான். வெளியூரில் இருப்பவர்களுக்கும் இதுதான். "எடுத்தாச்சு" என்று ஊரிலிருந்து ஒரு போன் போன பிறகுதான் அவர்கள் அங்கே தண்ணீர் வார்த்துக்கொண்டு சாப்பிட உட்காருவார்கள். இந்தக் காலத்தில் இதையெல்லாம் பார்க்கிறார்களா என்று கேட்டால், மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் எழுந்துவிட்டேன். யோசித்து எழவில்லை, கை தானாக இட்லியை விட்டுவிட்டது. வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அண்ணன் வீட்டுக்கு வேகமாக நடந்தேன். ஊசி உள்ளே போய்விட்டது என்பது எனக்கு ஞாபகமே இல்லை. ஊசிக்கு எழவும் தெரியாது, பங்காளி முறையும் தெரியாது.

அண்ணன் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அண்ணனின் மனைவி ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். "காப்பி குடிச்சீங்களான்னு கேட்டனே, பதில் சொல்லாமப் போயிட்டீங்களே, காப்பி குடிச்சீங்களான்னுதானே கேட்டேன்." அடுப்படியிலிருந்து அப்படிக் கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை என்றுதான் வந்து பார்த்திருக்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் கேள்வி என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கொஞ்ச நேரத்தில் கை நடுங்கியது. துக்கம் என்று நினைத்தேன். முதுகெல்லாம் வேர்த்தது. பந்தலில் புழுக்கம் என்று நினைத்தேன். எதிரில் இருந்தவர் ஏதோ கேட்டார், அவர் வாய் அசைவது தெரிந்ததே தவிர என்ன கேட்கிறார் என்று பிடிபடவில்லை. அப்போதுதான் என் இடுப்பில் இருந்த செல்போன் கத்த ஆரம்பித்தது. லாரி பின்னால் வரும்போது கத்துமே, அந்த மாதிரி. சத்தத்தை அமுக்கி வைத்திருந்தாலும் இந்த ஒரு சத்தத்தை அமுக்க முடியாது, பையன் அப்படிச் செய்து வைத்திருந்தான். அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். பந்தல் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. எழவு வீட்டில் இவன் போனைப் பார் என்று ஒரு கிழவர் முணுமுணுத்தார். அந்த நேரத்தில் பந்தலைவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது, ஆனால் கால் எழவில்லை. தடவித் தடவி அதை நிறுத்துவதற்குள் அவள் கூப்பிட்டுவிட்டாள்.

"ஏனுங்க, எங்கத்தீங்க இருக்கறீங்க? அம்பத்தி மூணுன்னு காட்டுது!"

"அண்ணன் ஊட்ல. அண்ணன் போயிட்டாரு புள்ள."

"அய்யோ சாமி. எப்பங்க?"

"காத்தால."

"ஊசி போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன்."

"சாப்புடலியா?"

"எப்படிச் சாப்புடறது? சேதி வந்துருச்சே."

"சட்டப் பையில முட்டாய் வெச்சிருப்பீங்களே?"

"அது வேற சட்ட."

அவள் திட்டவில்லை. குரலை மட்டும் மாற்றினாள். பேத்தியிடம் பேசுகிற குரலாக இருக்கலாம். "எந்திரிங்க. பொறத்தால ஆலைக் கொட்டாய் இருக்குதுல்ல, அங்க போங்க. ஒரு துண்டு வெல்லம் எடுத்து வாயில போடுங்க. போனை வெச்சராதீங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனேன். கொட்டாயில் யாரும் இல்லை. அடுப்பில் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. சாக்கு விரித்து, முந்தின நாள் பிடித்த வெல்ல உருண்டைகளை அண்ணன் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். சில உருண்டைகளில் அவர் விரல் பட்ட பள்ளம் அப்படியே இருந்தது.

"எடுத்துட்டீங்களா?"

"இன்னும் எடுக்கல புள்ள, அண்ணனைக் கெடத்தி வெச்சிருக்குது. நான் பங்காளி. திங்கலாமா?"

"உங்க அண்ணன் கோவிச்சுக்க மாட்டாரு. தின்னுங்க. பாவத்த நான் பாத்துக்கறேன்."

ஓர் உருண்டையை உடைத்து வாயில் போட்டேன். பல வருஷம் கழித்து வெல்லம். அழுகையும் அதுவும் ஒன்றாகத் தொண்டையில் இறங்கின. அப்படியே கரும்புச் சக்கைக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னும் ஏறலீங்க. பயந்துக்காதீங்க, ரத்தத்துல ஏறுனதுக்கு அப்பறந்தான் இதுல காட்டும்னு டாக்டர் சொன்னாருல்ல. வெக்காதீங்க, பேசிட்டே இருங்க."

பேசிக்கொண்டே இருந்தோம். அண்ணனுக்கு என்ன ஆனது என்று கேட்டாள். அவர் மனைவியை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டாள். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். பிறகு எனக்கு நினைப்புத் தப்பிவிடக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, வீட்டுப் பேச்சுக்கு வந்தாள். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேனா? வாழைக்கு முட்டுக் கொடுத்தாயிற்றா? மெஸ்காரன் சட்னியில் தேங்காய் போடுகிறானா, வெறும் பொட்டுக்கடலையா? துணி யார் துவைக்கிறார்கள்? என் செருப்பு அறுந்திருந்ததே, தைத்தாயிற்றா? மாதக்கணக்கில் கேட்காமல் விட்ட கேள்வியெல்லாம் வரிசையாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் நிதானமாக, முழு வாக்கியமாகப் பதில் சொன்னேன். நடுக்கம் குறைந்துகொண்டே வந்தது. நான் சொல்லவில்லை. செல்போனைக் காதிலிருந்து எடுத்து நம்பரைப் பார்க்கப் பயமாக இருந்தது. இறங்கிவிடுமோ என்கிற பயம் இல்லை. ஏறிவிடக் கூடாதே என்றுதான் இருந்தது.

"ஆ, ஏறிருச்சுங்க! எண்பதத் தாண்டிருச்சு. அம்பும் மேல பாக்குது. போய் உக்காருங்க. பாப்பா எந்திரிச்சுட்டா, அழுகறா. வெச்சரறனுங்க."

வைத்துவிட்டாள். கொட்டாயில் ஈ மொய்க்கிற சத்தம் மட்டும் இருந்தது. உள்ளே அண்ணன் செத்துக் கிடக்கிறார். நான் என்னடாவென்றால், என் சர்க்கரை ஏறிவிட்டதே என்று உட்கார்ந்து வருத்தப்படுகிறேன். இப்படியும் ஒரு மனிதன்.

பிற்பகலில் எடுத்தார்கள். ஆற்றுப் பக்கம் கொண்டுபோய் முடித்துவிட்டுத் திரும்பினோம். வீட்டுக்குள் நுழையாமல் மோட்டார் குழாயடியில் நின்று, கட்டிய வேட்டி சட்டையோடு தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டேன். நனைந்த சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. இழுத்துக் கழற்றினேன். இடது கையில் சுருக்கென்றது. வில்லை சட்டையோடு வந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் தண்ணீரோடு ஓடிப் போனது.

அலமாரியில் வேறொரு வில்லை டப்பாவில் இருந்தது. ஒட்டிக்கொள்ள ஐந்து நிமிஷம்கூட ஆகாது. நான் எடுக்கவில்லை. பையன் வாங்கிக் கொடுத்திருந்த பழைய மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தேன், பயப்படும்படி இல்லை. கொஞ்சம் மோர் குடித்தேன். செல்போனை எதிரே மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். சிக்னல் இல்லை என்று அதில் வந்துவிட்டது. அவள் போனிலும் வந்திருக்கும். சரி, நம்பரே இல்லாவிட்டால் நான் உயிரோடு இருக்கிறேனா என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகிறது, அதையும் பார்த்துவிடலாம் என்று இருந்தேன்.

நேரம் ஆகிக்கொண்டே இருந்தது. போன் வரவில்லை. வெயில் சுவரில் ஏறி, ஓட்டு விளிம்புக்குப் போய், மறைந்தது. காலையில் விட்டுப்போன இட்லி மேஜையில் காய்ந்து கிடந்தது. எனக்கு வெறுத்துப் போய்விட்டது. அண்ணனின் மனைவிக்காவது கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை என்று அழுகை, எனக்குக் கேட்கிற ஆள் இருந்தும் இல்லை என்று உட்கார்ந்திருந்தேன். விளக்கைக்கூடப் போடவில்லை.

தெருவிளக்கு எரிய ஆரம்பித்த பிறகு போன் அடித்தது.

"ஏனுங்க, சிக்னலே இல்லியே?"

"பிச்சுக்கிச்சு. தண்ணி வாக்கறப்பச் சட்டையோட வந்துருச்சு."

"அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். வேற ஒண்ணு இருக்குதே, ஒட்டிக்கலியா?"

"ஒட்டல. இனி ஒட்டறாப்பலயும் இல்ல."

"ஏனுங்க?"

அவ்வளவுதான், கொட்டிவிட்டேன். "நம்பர் நல்லா இருந்தா நீ பேசறதில்ல. கெட்டுப் போனாத்தான் நான் ஒருத்தன் இருக்கறன்னே உனக்கு நாபகம் வருது. என்னையக் கேக்க வேண்டியதெல்லாம் அந்த வில்லையக் கேட்டுக்கறே. அப்பறம் நான் எதுக்கு? அதையே கூட்டிட்டுப் போயிக் குடித்தனம் பண்ணு."

திட்டுவாள், இல்லை அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

"நாள் பூராவும் நான் உங்களத்தானுங்க பாத்துட்டு இருக்கறேன்" என்றாள்.

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"காத்தால ஏழு மணிக்கு மேல கோடு மெல்ல எறங்கும். நீங்க வாய்க்கா மேட்டுல நடக்கறீங்கன்னு நானும் இங்க ஜன்னல்கிட்ட வந்து நின்னுக்குவேன். மத்தியானத்துல சில நாள் வெடுக்குனு எறங்கும். கரண்டு வந்துருச்சாட்ட இருக்குது, மோட்டார் போட ஓடறாருன்னு நெனச்சுக்குவேன். செல நாள் ராத்திரி பொய்யா எறங்கும். அந்தக் கை அடியில படறாப்பலப் படுத்தீங்கன்னா அப்படிக் காட்டும்னு பையன் சொன்னான். அது நான் படுக்கற பக்கமுங்க. எம்பக்கம் திரும்பிப் படுத்திருக்கறாருன்னு நெனச்சுட்டுத் தூங்கிருவேன்."

நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது எனக்கே தெரியாது.

"எனக்கு உங்களோட இருக்கறாப்பலதான் இருந்துச்சு. உங்களுக்கு அங்கத்த பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்கறது எனக்குத் தோணவே இல்ல. நீங்க ரிக் வண்டியில போனப்ப, எனக்கும் இங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இருந்ததில்ல. அது பழகிப் போச்சு எனக்கு. உங்களுக்குப் பழக்கமில்ல."

குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னாள். இருபது வருஷத்துக்கு மேல் நான் எங்கோ பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தபோது அவள் இதே நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறாள். இத்தனை மாதத்திலும் நானாக ஒருமுறை அவளைக் கூப்பிட்டதில்லை. போன் வரவில்லை என்றுதான் கோபப்பட்டேனே தவிர, அந்தப் போனை என் விரலும் அமுக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பேச்சு நின்றுவிடக் கூடாது என்று, அவள் வழக்கமாகக் கேட்பதையே எடுத்துக் கேட்டேன்.

"சாப்புட்டயா?"

கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவளைக் கேட்டிராத கேள்வி. என் வாய்க்கே அது புதிதாக இருந்தது. அந்தப் பக்கம் பேத்தி ஏதோ பொம்மையைத் தரையில் தட்டுவது மட்டும் கேட்டது.

"இன்னும் இல்லீங்க."

"மத்தியானச் சோத்தக் கேட்டேன்."

"காத்தாலயும் சாப்புடல. எனக்கும் அவரு பங்காளி ஊட்டு மச்சாண்டாருதானுங்களே. எடுத்தாச்சுன்னு நீங்க சொன்னாத்தானே நான் தண்ணி வாத்துட்டுச் சாப்புட முடியும்? சிக்னல் நின்னப்பவே, அவரு தண்ணி வாக்கறாரு, இப்பக் கூப்புட்டுச் சொல்லுவாருன்னு போனைக் கையிலயே வெச்சுட்டு இருந்தேன். நம்பர்ல அது வராதுங்களே."

பொழுது இறங்க இறங்க அவள் கூப்பிடுகிறாளா பார்க்கலாம் என்று நான் இங்கே உட்கார்ந்திருந்த நேரமெல்லாம், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத வாயோடு, அவள் அங்கே என் போனுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எடுத்தாச்சு புள்ள" என்றேன். "எல்லாம் முடிஞ்சுது. நீ போய்த் தண்ணி வாத்துட்டுச் சாப்புடு. போனை வெச்சராத. நான் இருக்கறேன்."

அவள் போனை எங்கேயோ வைத்தாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வாளி நிறைந்தது. தலையில் தண்ணீர் விழுகிற சத்தம் தூரத்திலிருந்து வந்தது. பேத்தி போனுக்குப் பக்கத்தில் வந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.